அணையாத அடுப்பும் நம் கல்லாப்பெட்டியும்

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலும், கடலூர் முதுநகர் மண்டிகளிலும், சிதம்பரம் கடைவீதிகளிலும் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷம் வடலூருக்கு நம்ம பங்கு என்ன அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்பார். "நான் ரெண்டு மூட்டை அரிசி. பருப்பை நீங்க பார்த்துக்குங்க" என்பார் மற்றவர். எண்ணெய் டின், புளி, மிளகாய், காய்கறி என்று பட்டியல் நீளும். வேன் நிறைய ஏற்றி அனுப்பிவிட்டு மனநிறைவோடு கடைக்குத் திரும்புவோம். நல்ல வழக்கம். அதில் குறை சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் தைப்பூசம் முடிந்த மறுவாரம் நம்மில் எத்தனை பேருக்கு வடலூர் நினைவு இருக்கிறது? அங்கே 1867-ஆம் ஆண்டு மூட்டிய அடுப்பு தைப்பூசத்துக்கு மட்டும் எரிவதில்லை. ஆடியிலும் எரிகிறது, அடைமழைக் கார்த்திகையிலும் எரிகிறது. பசிக்கு நாள் நட்சத்திரம் கிடையாது என்பது அந்த அடுப்பை மூட்டியவரின் கட்சி. அவர் சொன்னதை வியாபாரிகளாகிய நாம் நம் கணக்குப் புத்தகத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாவட்டத்துப் பிள்ளை

சிதம்பரத்துக்கு அருகில் உள்ள மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் பிறந்தவர் இராமலிங்கம். தந்தை இராமையா பிள்ளை, தாய் சின்னம்மையார். பிறந்த சில மாதங்களிலேயே தந்தை காலமானார். குடும்பம் சென்னைக்குப் போயிற்று. மூத்த அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஏழுகிணறு பகுதியில் வீடு. பையன் பள்ளிக்கூடத்தில் உட்காரவில்லை. கந்தகோட்டத்துக்குப் போய் முருகனைப் பாடிக்கொண்டிருந்தான். கந்தகோட்டம் இருக்கும் இடம் நமக்குத் தெரியும். மொத்தக் கடைகளும் மூட்டை வண்டிகளும் நெருக்கியடிக்கும் பார்க் டவுன். வியாபாரத்தின் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை அவர். அண்ணனுக்கு உடல்நலம் இல்லாத ஒரு நாள், செட்டியார் ஒருவர் வீட்டில் நடக்கவேண்டிய பிரசங்கத்துக்குத் தம்பி போய்ப் பேச, கூட்டம் அசந்துபோனதாகச் சொல்வார்கள்.

1858 வாக்கில் சென்னையை விட்டுத் தெற்கே வந்தார். சிதம்பரத்தை வழிபட்டு, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கம். 1867-இல் அவர் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறின. அதே ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை. 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25, தைப்பூசத்தன்று சத்திய ஞானசபை. 1874 ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்றவர் திரும்பி வரவில்லை. ஐம்பது வயதுதான். வள்ளலார் என்று நாடு முழுவதும் அழைக்கப்படுபவரின் வாழ்க்கை இவ்வளவுதான். அற்புதங்களை நாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றைப் பேச நம்மைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

அவர் சிந்தனையில் நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, சாதி, சமயம், குலம் என்ற வேலிகளை அவர் ஏற்கவில்லை. சிறு வயதில் தமக்கே சைவத்தின்மேல் அளவு கடந்த பற்று இருந்தது என்றும், பின்னர் அதை விட்டு மேலே வந்ததாகவும் கடைசிக் காலத்து உபதேசத்தில் வெளிப்படையாகவே சொன்னார். தம் பழைய கருத்தைத் தாமே திருத்திக்கொண்டதை ஊரறியச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அவர் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்பதில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்புக்கும் இவர் தரப்புக்கும் நடந்த வாதம் 1869-இல் நம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இரு தரப்பும் புத்தகம் போட்டுக்கொண்டே இருந்தன. நம் ஊர்ப்பக்கம் கருத்துச் சுதந்திரம் நேற்று வந்த சரக்கல்ல.

இரண்டாவது, பசி. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் அவர் துன்பங்களைத் தரம் பிரிக்கிறார். தாகம், பிணி, வறுமை, பயம் போன்றவற்றை நீக்குவது ஒரு தரம். பசியையும் கொலையையும் நீக்குவது அதற்கு மேலான தரம். புலால் உண்பவரைத் தம் நெறிக்குள் சேர்த்துக்கொள்ளாத அவர், சோறு போடும் விஷயத்தில் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை வைக்கவில்லை. பசித்தவன் எந்த ஊர், எந்த மதம், என்ன நடத்தை என்று விசாரிக்கக்கூடாது. முதலில் இலையைப் போடவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

லண்டனில் ஒரு குமாஸ்தா

வள்ளலார் பிறந்த அதே 1823-ஆம் ஆண்டு, லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். பெயர் ஜான் ஸ்டூவர்ட் மில். கம்பெனியின் கடிதங்களை எழுதும் வேலை. இந்தியாவை ஒருநாளும் பார்க்காமலே முப்பத்தைந்து ஆண்டுகள் இந்திய நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்தபோது வேலையை விட்டார். அடுத்த ஆண்டு சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் வெளிவந்தது. இன்றுவரை உலகம் முழுவதும் தாராளவாதம் பேசுபவர்கள் கையில் எடுக்கும் நூல் அது. 1873-இல் இறந்தார். வள்ளலாரை இவர் அறியார். இவரை வள்ளலார் அறிந்ததாகவும் சான்று இல்லை. இருவரும் ஒரே காலத்து மனிதர்கள் என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒரு மனிதனின் வாழ்க்கையில் அரசோ ஊரோ தலையிடக்கூடாது. ஊரே ஒரு பக்கம் நின்றாலும் தனி ஒருவனின் வாயை அடைக்க உரிமையில்லை. இது மில்லின் மையக் கருத்து. இதைக் கேட்டதும் வியாபாரிகளாகிய நமக்கு மகிழ்ச்சி வரும். "பார்த்தீர்களா, கடையில் தலையிடாதே என்று வெள்ளைக்காரனே எழுதி வைத்திருக்கிறான்" என்று சொல்லத் தோன்றும்.

அங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. அதே நூலில் மில், வியாபாரம் என்பது தனிமனிதனின் சொந்த விவகாரம் ஆகாது, அது சமூகக் காரியம் என்கிறார். பொதுமக்களுக்கு ஒரு பொருளை விற்பவன் செய்வது மற்றவர்களின் நலனைத் தொடுகிறது. ஆகவே அது சமூகத்தின் பார்வைக்கு உட்பட்டதே. பிறகு ஏன் வியாபாரத்தைச் சுதந்திரமாக விடவேண்டும்? அப்படி விட்டால்தான் நல்ல சரக்கு மலிவாக மக்களுக்குக் கிடைக்கிறது என்று அனுபவத்தில் தெரிந்ததால். கலப்படத்தைத் தடுக்கச் சட்டம் போடுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

நிதானமாக யோசித்தால் இதன் பொருள் விளங்கும். நம் பேச்சுரிமை நம் பிறப்புரிமை. நம் கடையின் சுதந்திரம் அப்படிப்பட்டதன்று. மக்களுக்கு ஒழுங்காகச் சோறு கிடைக்கச் செய்கிறோம் என்ற நம்பிக்கையின் பேரில் தரப்பட்டது. நம் தொழில்பேச்சில் சொன்னால், அது சொந்த முதல் இல்லை, நம்பிக்கைக் கடன்.

குண்டு விழுந்த நிலமும் கையெழுத்து விழுந்த நிலமும்

கடலூர்க்காரர்களுக்கு ஒரு பழங்கதை தெரியும். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பெரிய பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு தூரமும் கோட்டையைச் சேர்ந்தது என்பது ஒப்பந்தம். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றும் நம் வாயில் அந்தப் பெயர்கள் புழங்குகின்றன. அந்தக் கம்பெனியும் வியாபாரிகள் சங்கம்தான் என்பதை மறக்கவேண்டாம்.

அதற்கு 177 ஆண்டுகள் கழித்து, அங்கிருந்து ஒரு நாள் வண்டிப் பயணத் தூரத்தில், இன்னொரு நில விவகாரம் நடந்தது. தருமச்சாலைக்கு இடம் வேண்டும் என்றார் வள்ளலார். பார்வதிபுரத்து மக்கள் நாற்பது பேர் கையெழுத்திட்டு, சுமார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய அளவில் ஏறக்குறைய 106 ஏக்கர். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அரசாங்க உத்தரவும் இல்லை. பெருநிலக்கிழார் ஒருவரின் தானமும் இல்லை. நாற்பது குடிகள் கூடிக் கொடுத்தது. மண் சுவரும் கூரையுமாகத் தொடங்கிய சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 2024-இல் அங்கே வள்ளலார் சர்வதேச மையம் கட்டும் வேலை தொடங்கியபோது, பெருவெளி பெருவெளியாகவே இருக்கவேண்டும் என்று பார்வதிபுரத்து மக்கள் எழுந்து நின்றதையும், விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போனதையும் நாம் அறிவோம். யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கொடுத்தவர்களின் கொள்ளுப்பேரர்கள், என்ன நோக்கத்துக்குக் கொடுத்தோம் என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நாம் கொடுத்த நன்கொடையின் நோக்கம் நம் பிள்ளைகளுக்காவது தெரியுமா?

ஒரு வியாபாரக் கூட்டம் நிலத்தைப் பீரங்கியால் அளந்து எடுத்தது. ஒரு குடியானவக் கூட்டம் நிலத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்தது. முதல் கோட்டை தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கிறது.

பஞ்சம் சொன்ன பாடம்

அந்த அடுப்பு மூட்டி ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. அப்போதைய சென்னை அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்கத் தொடங்கியது. கல்கத்தாவில் இருந்த வைஸ்ராய் லிட்டன் பிரபு அதைக் கண்டித்தார். தானிய வியாபாரத்தில் அரசு கை வைத்தால் தனியார் வியாபாரம் கெட்டுப்போகும் என்பது வாதம். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைத்தார் ரிச்சர்டு டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் நம் தராசில் அரைக்கிலோவுக்கும் குறைவு. சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்தார். அரை கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். கிடங்கில் நெல் இருந்தது, ரயிலில் தானியம் போயிற்று. வாங்கக் கையில் காசு இல்லாதவன் செத்தான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. பொதுவாகத் தனியார் வியாபாரமே தானியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், அரசு குறுக்கே போகக்கூடாது. ஆனால் வியாபாரி கொண்டுவர வழியில்லாத இடத்தில் அரசு வாங்கிக் கொடுக்கலாம் என்பதே 1848-இல் அவர் எழுதிய பொருளாதார நூலின் நிலை. பின்னால் வந்தவர்கள் முதல் பாதியைப் படித்துக்கொண்டு இரண்டாவது பாதியைத் தொலைத்துவிட்டார்கள். வியாபார சுதந்திரத்துக்கு அதைவிடக் கெட்ட பெயரை எந்த எதிரியும் தேடித் தந்ததில்லை.

அந்தக் கெட்ட பெயரின் வட்டியைத்தான் நாம் இன்றும் கட்டுகிறோம். 1955-இல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் வந்தது. 2020-இல் அதைத் தளர்த்திச் செய்த திருத்தம் 2021-இல் வேளாண் சட்டங்களோடு சேர்த்து ரத்தாகிவிட்டது. 2023 ஜூனில் துவரம் பருப்புக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு வந்தபோது மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என்றார்கள். நாம் கூட்டம் போட்டுக் கண்டித்துப் பேசினோம். 'நாங்கள் பதுக்கல்காரர்களா?' என்று கேட்டோம். கேட்டது சரியே. பெரும்பாலோர் பதுக்குபவர்கள் அல்லர். ஆனால் விலை ஏறும்போது மக்கள் ஏன் முதலில் நம் கிடங்கைப் பார்க்கிறார்கள்? நூற்றைம்பது ஆண்டு நினைவு அது. கண்டனத் தீர்மானத்தால் அது கரையாது. நடத்தையால்தான் கரையும்.

நம் வீட்டுக் கணக்கு

நம் மாவட்டம் அடி வாங்கிய மாவட்டம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015-இல் வெள்ளம். 2020-இல் ஊரடங்கு. அந்த நாட்களில் மளிகைக் கடையைத் திறக்கும் உரிமை நமக்கு இருந்தது. மற்ற தொழில்கள் முடங்கிக் கிடக்க, நம் கதவு மட்டும் திறந்திருந்தது. நம்மில் பலர் அப்போது சிட்டையில் எழுதிக்கொண்டே கடன் கொடுத்தார்கள். அந்தப் பாக்கி இன்னும் வராத கடைகள் உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம். சிலர் மெழுகுவத்தியையும் பால் பவுடரையும் இரட்டை விலைக்கு விற்றார்கள். அதுவும் நமக்குத் தெரியும். கடன் கொடுத்த பத்துப் பேரை ஊர் மறந்துவிட்டது. இரட்டை விலை வைத்த ஒருவரை இன்றும் பேசுகிறது.

"வாடகை, ஜி.எஸ்.டி., ஆள் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் கட்டி, பெரிய கடைகளோடும் ஆன்லைன் வியாபாரத்தோடும் போட்டி போட்டு மூச்சு முட்டுகிறது. இதில் ஊர்ப்பசியையும் நாம்தான் தாங்கவேண்டுமா?" என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வள்ளலாரே தத்தம் சக்திக்கு ஏற்ற அளவில்தான் செய்யச் சொன்னார். கல்யாணம் போன்ற விசேஷங்களில் ஆடம்பரச் செலவைக் குறைத்துப் பசித்தவருக்கு இலை போடுங்கள் என்றார். கடனாளியாகித் தருமம் செய்யச் சொன்னவர் அல்லர். ஆகவே நாம் கேட்பதும் பெரிதல்ல. நான்கே காரியங்கள்.

முதலாவது, பசி நீக்கம் நம் கடைக்குள் தொடங்கட்டும். மனுமுறைகண்ட வாசகம் என்ற நூலில், செய்த பாவம் எது என்று கலங்கும் சோழ மன்னன் வாயிலாக வள்ளலார் ஒரு நீண்ட குற்றப்பட்டியலைத் தருகிறார். வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைப்பதும், பொருளாசையால் பொய் பேசுவதும் அதில் உண்டு. மதியம் மூன்று மணிவரை சாப்பிடாமல் பொட்டலம் கட்டும் பையன் நம் கடையில் நிற்கும்போது, வாசலில் அன்னதானம் செய்து என்ன பயன்? கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் வந்துதான் நாம் ஒரு ஸ்டூல் போடவேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமையில்லை.

இரண்டாவது, வடலூருக்கு அனுப்பும் சரக்கு நம் வீட்டு உலைக்குப் போகும் சரக்காக இருக்கட்டும். விற்காமல் தங்கிய பருப்பும், வண்டு விழத் தொடங்கிய அரிசியும் தருமக் கணக்கில் ஏறுவதை நாம் பார்த்திருக்கிறோம். அது தருமமன்று, கிடங்கைச் சுத்தம் செய்வது. தைப்பூசத்துக்கு எல்லோரும் சேர்ந்து கொட்டுவதைவிட, தெருவாரியாக மாத முறை போட்டுக்கொண்டு, சாலையில் இன்ன மாதம் என்ன தேவை என்று கேட்டு அனுப்பலாம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களை நம் சங்கம் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, புயல், வெள்ளம் என்று அறிவிப்பு வந்த நாள் முதல் நிலைமை சீராகும் வரை அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி ஆகியவற்றை முந்தைய நாள் விலைக்கே விற்பது என்று சங்கம் தீர்மானம் போடவேண்டும். கொள்முதல் விலை ஏறினால் ஏற்றத்தைச் சீட்டோடு காட்டலாம். மீறுபவர் யாராயிருந்தாலும் சங்கம் அவருக்காக வாதாடாது என்றும் அதில் எழுதவேண்டும். அதிகாரி வந்து விலையைக் கட்டுப்படுத்துவதற்கு முன்னால் நாமே கட்டுப்படுத்திக்கொண்டால், நம் சுதந்திரத்தை நாமே காத்தவர்கள் ஆவோம்.

நான்காவது, டியூப் லைட் முழுக்கப் பெயர் எழுதும் 'உபயம்' வேண்டாம். கடை வாசலில் பசி என்று வருபவருக்குப் பக்கத்து மெஸ்ஸில் ஒரு சாப்பாட்டுச் சீட்டு. பெயரும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். குடித்திருக்கிறானா, உழைக்கலாமே என்ற கேள்விகளைச் சாப்பிட்ட பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வள்ளலார் தம் கடைசிக் காலத்தில் மனம் நொந்து, தாம் கடை விரித்து வைத்தும் சரக்கை வாங்குவார் யாரும் இல்லையே என்ற பொருளில் பேசியதாக அவரோடு இருந்தவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். எத்தனையோ உவமை இருக்க, நம் தொழிலை எடுத்துச் சொன்னார் அவர். விடிந்ததும் கடையைத் திறந்து, சரக்கை அடுக்கி, வாடிக்கையாளர் வருவாரா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதன் வேதனை என்ன என்று நமக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் உவமை.

2021 முதல் தமிழ்நாடு அரசு அக்டோபர் 5-ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று கொண்டாடுகிறது. வரும் அக்டோபர் 5-க்குள் மேற்சொன்ன விலைத் தீர்மானத்தைப் பொதுக்குழுவில் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதன் பிறகு மழைக்காலம் தொடங்கிவிடும். புயல் வந்த பிறகு கூடிப் பேசிப் பயனில்லை. உறுப்பினர்கள் தங்கள் சம்மதத்தையும் மறுப்பையும் கையெழுத்தோடு சங்க அலுவலகத்துக்கு எழுதட்டும். பார்வதிபுரத்தில் அன்று நாற்பது கையெழுத்து கிடைத்தது. நம் கடைவீதியில் எத்தனை கிடைக்கிறது, பார்ப்போம்.